மார்புச் சிலுவையில் ஒரு விரிசல்

கல்லம்மா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. நகைப் பட்டறையில் கல் பதிக்கிறவள் என்பதால் வந்த பட்டப்பெயர். காலையில் குனிந்தால் மாலையில்தான் நிமிர்வாள், கேட்டதற்கு மட்டும் வாயைத் திறப்பாள் என்பதும் அதில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அப்புறம் நேராகவே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில், பட்டறைத் தொலைபேசியை எடுத்தால் அவளே "கல்லம்மா பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

அவளுடைய மேசை வடக்கு ஜன்னலோரம் இருந்தது. வெயில் நேராக விழுந்தால் எந்தக் கல்லும் அழகாகத்தான் தெரியும், வடக்கு வெளிச்சம்தான் பொய் சொல்லாது என்பாள். மேசைக்குக் கீழே, மடியை ஒட்டி, ஒரு தோல் விரிப்பு தொங்கும்; தங்கத் தூளும் கைதவறி விழும் கல்லும் அதில் தங்கும். லென்ஸை இடுக்கி இடுக்கி வலது கண்ணைச் சுற்றி ஒரு வளையமே பதிந்திருந்தது. பூசைப் பாத்திரம், குருக்களின் மோதிரம், சிலுவை என்று கோயில் வேலை எது வந்தாலும் முதலாளி அவள் பக்கம்தான் தள்ளுவார். "உங்க ஆளுங்க வேலை, நீயே பாரு" என்பார். அவள் ஞானஸ்நானம் பெற்றவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

காரணம் அக்கா.

அக்காவுக்கு எழுபத்தொன்று. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பங்குக் கோயிலில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தியவள். இப்போது மறதி நோய். தங்கையைச் சில நாள் "சிஸ்டர்" என்பாள், சில நாள் "நேரமாச்சேம்மா, நீ உன் வீட்டுக்குப் போகலையா?" என்று அன்பாகக் கேட்பாள். சாப்பிட்டோமா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தங்கவில்லை. ஆனால், யோவான் தன் தரிசனத்தில் கண்ட வானத்து நகரம் இருக்கிறதே, அதன் மதிலுக்கு அடித்தளமாகச் சொல்லப்பட்ட பன்னிரண்டு கற்களும் வரிசை மாறாமல் அவள் நாக்கில் நின்றன. படுக்கையிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து மறுபடி படுக்கைக்கு நடந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்வாள். பன்னிரண்டும் முடிந்தால் முதலிலிருந்து. அவளுக்குத் தூக்கம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவளைத் தூங்க விடவும் இல்லை.

கல்லம்மாவின் கணவர் போய் எட்டு வருடம். மகன் தொலைவில் வேலையில் இருந்தான். வாரம் ஒருமுறை போன் செய்து "பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பான், பதில் பாதியில் இருக்கும்போதே "சரிம்மா, மீட்டிங் ஆரம்பிச்சிருச்சு" என்பான். பகலில் எதிர்வீட்டுக்காரி வந்து அக்காவோடு இருப்பாள். மாலை கல்லம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் தன் செருப்பை மாட்டிக்கொள்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்த வருடம், மறைமாவட்டத்துக்குத் தலைவராக இருந்த பழைய ஆயர் காலமாகிவிட்டார். மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆறுதலாக இருந்த ஒரு குருவைப் புது ஆயராக நியமித்திருந்தார்கள். பதவியேற்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவரே ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறைப் படியேறி வந்தார். பைக்குள் ஒரு பழைய மரப்பெட்டி, பெட்டிக்குள் ஆயர்கள் மார்பில் அணியும் தங்கச் சிலுவை. உள்ளங்கை நீளம். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மரகதம்.

"கல் ஆடுது போலிருக்கு. சங்கிலி வளையமும் தேஞ்சிருக்கு. கொஞ்சம் பார்த்துச் சுத்தம் பண்ணிக் குடுங்கம்மா" என்றார். பிறகு, வெட்கப்படுகிறவர் மாதிரி, "எதுக்கு இதுல பச்சைக் கல் வெச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? யாராவது கேட்டா நான் முழிக்கப் போறேன்" என்றார்.

கல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "எங்கக்கா சொல்லுவா சாமி. அந்த நகரத்து மதிலுக்கு நாலாவது அடிக்கல்லு இது. சிம்மாசனத்தைச் சுத்தி ஒரு வானவில் இருந்துதாமே, அதுவும் மரகதம் மாதிரிதான் இருந்துதாம். பன்னெண்டு கல்லையும் பன்னெண்டு சீடருக்குப் பிரிச்சுக் குடுத்தப்ப இதை யோவானுக்குக் குடுத்தாங்களாம், அவர் கடைசிவரைக்கும் கல்யாணம் கட்டாதவராச்சே. அதனால இது கற்புக்கு அடையாளம். பனிக்காலம் முடிஞ்சு துளிர் விடுற நிறம்கறதால நம்பிக்கைக்கும் இதுதான்."

"மறைக்கல்வி டீச்சரா அக்கா?"

"டீச்சரா இருந்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லம்மா சிலுவையை வாங்கிக்கொண்டாள்.

லென்ஸை வைத்துப் பார்த்தாள். மரகதம் எதுவும் உள்ளே சுத்தமாக இருக்காது. பாசி படர்ந்த மாதிரி, வேர் ஓடிய மாதிரி கோடுகள் இருக்கும். பட்டறையில் அதைத் தோட்டம் என்பார்கள். இந்தக் கல்லின் தோட்டத்தில் ஒரு கோடு நீளமாக, கிட்டத்தட்ட ஓரத்தைத் தொடும் வரை ஓடியிருந்தது. அந்தக் கோடுகள் வெளியே தெரியாமல் இருக்க வெகு காலத்துக்கு முன்பே யாரோ எண்ணெய் ஏற்றியிருந்தார்கள். இப்படிப்பட்ட கல்லை வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தடவித்தான் கழுவ வேண்டும். மற்ற நகைகளைப் போடும் அல்ட்ராசானிக் மெஷினில் போடவே கூடாது. அதன் அதிர்வு எண்ணெயை உறிஞ்சி எடுக்கும், விரிசலை நீட்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லும் விஷயம். சொல்வதும் கல்லம்மாதான்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்த வேளையில், வளையத்தை மாற்றி முடித்து, சிலுவையைப் பக்கத்துத் தட்டில் வைத்தாள். கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்தாள். பிரஷ்ஷையும் எடுத்து வைத்தாள். அதே தட்டில் கழுவ வேண்டிய வேறு மோதிரங்களும் சங்கிலிகளும் கிடந்தன. முந்தைய நாலு நாளில் அவள் தொடர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் கண் மூடியதில்லை. தட்டைத் தூக்கினாள், கம்பிக் கூடையில் கொட்டினாள், கூடையை மெஷினுக்குள் இறக்கினாள், பட்டனைத் தட்டினாள். அந்த மெஷின் ஒரே சுருதியில் ரீங்காரம் போடும். அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

கண் திறந்தபோது எதிரே மேசையில் கிண்ணமும் பிரஷ்ஷும் அப்படியே இருந்தன. சிலுவையைக் காணோம்.

எழுந்து போய் மெஷினை நிறுத்தினாள். ஓடவில்லை. கால் ஓடக்கூடிய நிலையில் இல்லை. கூடையைத் தூக்கி, சாமணத்தால் மோதிரங்களை விலக்கி, சிலுவையை எடுத்துத் துடைத்து ஜன்னலில் பிடித்தாள். லென்ஸ் தேவைப்படவே இல்லை. பச்சைக்குள் வெள்ளை வெள்ளையாக நரம்பு எழும்பியிருந்தது. அந்த நீளக் கோடு ஓரத்தைத் தாண்டி, கல்லை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வெட்டிக்கொண்டு போயிருந்தது. ஓரங்களில் கல்லைக் கவ்வி நிற்கும் தங்கப் பற்கள் பிடித்திருந்ததால் கல் இரண்டாகாமல் நின்றது.

முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"நீயா?"

"நான்தான்."

"உன்னைத் திட்டவும் முடியாது. திட்டினா நீ மரம் மாதிரி நிப்ப, எனக்குத்தான் பிரஷர் ஏறும்." கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்ணெய் ஏத்து. விரிசல் வெளியே வந்துட்டதால முன்ன மாதிரி தங்காது, வத்திரும். ஆனா நல்லா ஏத்தினா ஆறு மாசம், எட்டு மாசம் பளபளன்னு நிக்கும். அதுக்கப்புறம் தெரிஞ்சா, பழைய கல்லு, காலத்துக்குப் போச்சுன்னு சொல்லிக்கலாம். யாரு கேக்கப் போறா?"

அவர் கெட்டவர் இல்லை. கடையின் பெயரைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது. கல்லம்மாவும் ஒரு நிமிடம் சரி என்றுதான் நினைத்தாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் எதிர்த்துச் சொல்ல ஆயிரம் வார்த்தை தேடியிருப்பாள். அன்றைக்கு அவளிடம் பொய்யை நினைவில் வைத்துக் காப்பாற்றுகிற தெம்புகூட இல்லை. "எட்டு மாசமும் நான் இதை நெனச்சுக்கிட்டே இருக்கணுமேய்யா. என்னால ஆகாது. நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள். முதலாளி கையை விரித்தார்.

புது ஆயர் இன்னும் மருத்துவமனையில்தான் இருந்தார். கல்லம்மா வராந்தாவில் காத்திருந்தாள். அவர் ஒரு வார்டிலிருந்து வெளியே வந்து, சுவரில் ஒரு கையை ஊன்றி நின்று மூச்சு விட்டுக்கொண்டார். உள்ளே யாரோ அழுவது கேட்டது. அவளைப் பார்த்ததும் பெஞ்சில் உட்காரச் சொல்லி, பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தூக்கக் கலக்கம் என்று சொல்லவில்லை. மெஷினில் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

அவர் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. "தூங்கி எத்தனை நாளாச்சும்மா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை. அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டார்.

"எனக்கென்னமோ இதை மார்புல போட்டுக்கிட்டு நிக்கிறதே கூச்சமாத்தான் இருந்துச்சு" என்றார் கடைசியில். "ஆனா இது என் பொருள் இல்லையே, சரி போகட்டும்னு நான் சொல்லிட முடியாது. இதைக் குடுத்தவங்க இன்னும் இருக்காங்க. முதியோர் இல்லத்துல. கோயில்ல ஆர்கன் வாசிச்சவங்க, மியூசிக் டீச்சர். அவங்களுக்குத் தெரியணும். நான் வேணும்னா போய்ச் சொல்றேன்."

"உடைச்சது நான் சாமி. நானே போறேன்."

டீச்சரம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. முதியோர் இல்லத்தின் பார்வையாளர் அறையில் சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் ஒரு மீன் தொட்டி. தலை நரைத்து, உடம்பு குறுகி, விரல்கள் மட்டும் இன்னும் நீளமாக இருந்தன. கல்லம்மா மரப்பெட்டியைத் திறந்து மடியில் வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். வரும் வழியில் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் மறந்துபோய், "உடைஞ்சு போச்சும்மா, என் தப்புதான்" என்பது மட்டும் வந்தது.

டீச்சரம்மா கல்லைக் கண்ணருகே கொண்டுபோனார். விரிசலை நகத்தால் தடவினார்.

"இப்பதான் உடைஞ்சுதா?" என்றார்.

"ஆமாம்மா. போன செவ்வாய்க்கிழமை."

"ரொம்ப லேட்டு!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. கல்லம்மா பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பாதியைக் குடித்து, மீதியைப் புடவையில் சிந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரம்மா சொன்னார்:

"கல்யாணமாகிப் பத்தாவது வருஷம் என் வீட்டுக்காரர் இதை மோதிரமாப் பண்ணிப் போட்டார். அப்ப இருந்த ஆயர்தான் மந்திரிச்சுக் குடுத்தார். மந்திரிக்கறப்ப ஒரு கதை சொன்னார். மரகதம் கற்புக்கு அடையாளம், வாக்குத் தவறினவங்க விரல்ல இது தங்காது, தானே விரிஞ்சுடும்னு அந்தக் காலத்துல நம்பினாங்களாம். எல்லாரும் ஆஹான்னாங்க. எனக்கு அப்பவே தெரியும், இவருக்கு வேற ஒரு வீடு இருக்குன்னு. ரெண்டு தெரு தள்ளித்தான்."

கல்லம்மா மீன் தொட்டியைப் பார்த்தாள்.

"பதினோரு வருஷம் தினமும் காலையில எழுந்ததும் கல்லைத்தான் பார்ப்பேன். இன்னைக்கு விரியுமா, நாளைக்கு விரியுமான்னு. ம்ஹும். கல்லு குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, அதைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? அவர் கையில போட வேண்டியதை என் கையில போட்டுட்டார்!"

இந்த முறை கல்லம்மாவும் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிம்மா, பரவாயில்லை. அவர் செத்து ஒரு வருஷம் கழிச்சுக் கழட்டிக் கோயிலுக்குக் குடுத்துட்டேன். கையில வெச்சிருக்கவும் முடியல, விக்கவும் மனசு வரல. அவங்க சிலுவையில பதிச்சுட்டாங்க. அதோட விட்டாங்களா? அன்னைக்குப் பிரசங்கத்துல என்னை எழுப்பி நிக்க வெச்சு, இல்லற விசுவாசத்துக்கு இந்தம்மாதான் இலக்கணம்னு சொன்னாங்க. சபையே திரும்பிப் பார்த்துது. நான் என்ன சொல்ல? உக்காந்து அடுத்த பாட்டை வாசிச்சேன். முப்பத்தோரு வருஷம். யாரைப் பார்த்தாலும், ‘உங்களை மாதிரி வாழணும் டீச்சர்’. புதுசாக் கல்யாணம் ஆனதுங்களை என்கிட்ட ஆசீர்வாதம் வாங்க அனுப்புவாங்க. அவரோட வாழ்ந்ததைவிட அந்தப் பெருமையோட வாழ்ந்ததுதான்மா எனக்கு அலுப்பு."

அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பெட்டி மடியிலேயே இருந்தது. மீன் தொட்டியின் மோட்டார் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. பேசாமல் உட்கார ஒரு இடம் கிடைத்ததே கல்லம்மாவுக்குப் பெரிதாக இருந்தது.

"இதை என்ன செய்யட்டும்மா?" என்று பிறகு கேட்டாள். "எண்ணெய் ஏத்தினா விரிசல் மறையும். கொஞ்ச மாசத்துக்குத்தான். ஏத்தாம அப்படியே விட்டாலும் கல்லு கீழே விழாது, பிடிப்பைக் கெட்டியாக்கிடுவேன்."

"அப்படியே விடு. மறைச்சது போதும்" என்றார் டீச்சரம்மா உடனே. கல்லம்மா பெட்டியை மூடி, எழுந்து, கதவு வரை போயிருப்பாள். "ஏய், இங்க வா" என்று குரல் வந்தது. "வேணாம், எண்ணெய் போட்டுடு. அந்தப் பிள்ளை பாவம், புது ஆள். முதல் நாளே விரிஞ்ச கல்லோட நின்னா ஊரு அதையும் ஒரு கதையாக்கும். அவருக்குத் தெரிஞ்சா போதும். நான் சொன்னது மட்டும் உன்னோட இருக்கட்டும்."

எண்ணெய் ஏற்ற, கல்லைச் சிலுவையிலிருந்து கழற்ற வேண்டும். ஒரு பல்லை நிமிர்த்தும்போது கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் கல் இரண்டு துண்டாக மடியில் விழும். கல்லம்மா முதலாளியிடம் அரைநாள் விடுப்புக் கேட்டாள், வீட்டுக்குப் போகவில்லை. பட்டறையின் பின்னறையில், பழைய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், தரையில் துணி விரித்துப் படுத்து நாலு மணி நேரம் தூங்கினாள். முதலாளி கதவில் ஒரு நாற்காலியைப் போட்டு, யாரையும் உள்ளே விடாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, கை நடுங்காத வேளையில், நாலு பற்களையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். கல் முழுசாக வந்தது. வெதுவெதுப்பான எண்ணெயில் மூன்று நாள் கிடந்தது. வெள்ளை நரம்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. நீளக் கோடு மட்டும், சாய்த்துப் பார்த்தால், ஒரு தலைமுடி மாதிரி தெரிந்தது.

பதவியேற்பு நாளில் புது ஆயர் அதை அணிந்துகொண்டார். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் டீச்சரம்மா இருந்ததாகவும், மரகதத்தைப் பற்றி யாரோ வாழ்த்துரையில் பேசியபோது அவர் குனிந்து கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டதாகவும், பாவம், உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் நினைத்ததாகவும் எதிர்வீட்டுக்காரி வந்து சொன்னாள். கல்லம்மா போகவில்லை. அன்று அக்காவைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது.

ஆனால் ஆயர் அவளை மறக்கவில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்தில் மறதி நோய்க்காரர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லம் இருந்தது. மாதத்தில் இரண்டு வாரம் இரவும் தங்க வைத்துக்கொள்வார்கள். அங்கே ஓர் இடம் பேசி, சொல்லி அனுப்பினார். கல்லம்மா முதலில் முடியாது என்றாள். உடன்பிறந்தவளைத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும் என்றாள். மூன்றாவது நாள் குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கி விழப்போனபோது, அக்காவின் துணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கும்போது அழுதாள். அக்கா அவள் தலையைத் தடவி, "எந்த ஊருக்கும்மா போறே? பத்திரமாப் போயிட்டு வா" என்றாள்.

முதல் வாரம் முழுவதும் கல்லம்மா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிய கையோடு படுத்துவிடுவாள். சில நாள் செருப்போடு. உடம்பில் இருந்த களைப்பு ஒரு வாரத்தில் போகிற களைப்பு இல்லை. முதுகும் கண்ணும் இனி பழையபடி ஆகாது என்று அவளுக்கே தெரிந்தது. கழுவுகிற வேலையை வேறொருத்தரிடம் விட்டுவிட்டு, பதிக்கிற வேலை மட்டும் பார்க்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னாள். அவர் அப்பாடா என்று ஒப்புக்கொண்டார்.

டீச்சரம்மா அடுத்த வருடம் காலமானார். அடக்கப் பூசையிலும் அவருடைய இல்லற விசுவாசத்தைப் பற்றித்தான் பேசினார்கள். இந்த முறை கல்லம்மா போயிருந்தாள். கடைசி வரிசையில் நின்று, வாயைத் திறக்காமல், முழுவதையும் கேட்டாள்.

சிலுவை எட்டு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் வற்றிப் பட்டறைக்கு வந்தது. ஆயரே துணிப்பையில் கொண்டுவருவார். அக்கா வீட்டில் இருக்கும் வாரங்களில் கல்லம்மா மாலையில் அவளுக்குத் தலைவாரிவிடுவாள். ஒரு நாள் மனசு பாரம் தாங்காமல், யாரிடமும் சொல்லக்கூடாததை அவளிடம் சொன்னாள். மோதிரம், ரெண்டு தெரு தள்ளி இருந்த வீடு, பதினோரு வருடம் விரியாத கல், எல்லாவற்றையும். அக்கா ரொம்ப அக்கறையாகக் கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தாள். "அப்புறம் அவ என்ன பண்ணா?" என்றாள். "ஆர்கன் வாசிச்சா" என்றாள் தங்கை. அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. மறுநாள் மாலை சீப்பை எடுத்தபோது அவளுக்கு ஒன்றுமே நினைவில்லை. கல்லம்மா முதலிலிருந்து சொன்னாள்.